நான்கு சென்டிமீட்டர்

சோதனைக்கு வந்தது அவர் இல்லை, அவர் மனைவி.
ஹால்டிஸ், வயது அறுபத்தொன்று.
தபால் பெட்டி வரை போனவள்
பனிக்கட்டியில் சறுக்கிக் கையை ஊன்ற
மணிக்கட்டு போயிற்று.
நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால்
முதலில் எலும்பைச் சந்தேகி,
பனியை அப்புறம் திட்டலாம் என்பது
எங்கள் பிரிவின் சட்டம்.

கிர்க்கெனெஸில் ஜனவரி, காலை பதினொன்று.
ஜன்னலில் நீலம் மட்டும்.
சூரியன் வர இன்னும் ஒன்பது நாள்.
வார்டோவிலிருந்து மூன்றரை மணி நேரம்
இருட்டில் வண்டி ஓட்டி வந்த கணவர்
கதவோர நாற்காலியில்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

கேட்டேன்.
அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததுண்டா?
உண்டு, கூட்டுறவுக் கடை வாசலில்.
பிறகு நடந்தாரா?
இல்லை.
புகை? விட்டு இருபது வருடம்.
மாதவிலக்கு நின்றது? நாற்பத்தேழில்.
மது? ஹால்டிஸ் கணவரைப் பார்த்தாள்,
இருவரும் சிரித்தார்கள்,
நான் ஏதோ ஓர் எண்ணை எழுதிக்கொண்டேன்.

பத்து நிமிடம்.
கால்களுக்கடியில் நுரைக்கட்டை,
மேலே மெதுவாக நகரும் கை.
முப்பது வயதுக்காரி ஒருத்தியின் எலும்போடு
ஒப்பிட்டு மதிப்பெண் போடும் இயந்திரம்.
மைனஸ் ஒன்று புள்ளி ஆறு.
தேய்மானம்தான்,
கோட்டுக்கு இன்னும் இந்தப்பக்கம்.

கிளம்ப எழுந்தார்கள்.
அப்போதுதான் அந்தக் கோட்டைக் கவனித்தேன்.
விளிம்பு முழங்காலுக்குக் கீழே தொங்கியது,
கைகளை ஒரு மடிப்பு மடித்துவிட்டிருந்தார்.
இரவல் கோட்டா என்றேன்.
"என்னுடையதுதான். துவைத்துத் துவைத்து
நீண்டுபோயிற்று."

துணி சுருங்கும், ஓட்மண்ட்.
நீளாது.

சுவரோரம் நிற்கச் சொன்னேன்.
மாலுமிப் புத்தகத்தில் நூற்று எழுபத்தொன்பது,
என் அளவுகோலில் நூற்று எழுபத்தைந்து.
மாத்திரை ஏதாவது?
மூச்சிரைப்புக்குப் பிரெட்னிசோலோன்,
பன்னிரண்டு குளிர்காலம்.
பழைய புகையிலை டப்பாவைத் திறந்து காட்டினார்.
"ஆனால் அது பெண்களுக்கு வருவதாயிற்றே."

மருத்துவருக்கு ஒரு போன்.
மதியத்துக்குள் கையெழுத்து வந்தது.

யாருக்கும் முதுகு வளையாதவர் என்று
வார்டோ துறைமுகத்தில் பெயராம்.
திரையில் அவர் முதுகு வந்தது.
மைனஸ் மூன்று புள்ளி மூன்று.
விலா முடியும் இடத்தில் ஒரு கட்டை
முன்பக்கம் நசுங்கி
யாரோ மிதித்த தீப்பெட்டியாய்.
ஒருநாள் வலையை இழுக்கையில்
'டக்'கென்று ஒன்று கேட்டதாம்.
பிடிப்பென்று நினைத்துத்
தைலம் தேய்த்திருக்கிறாள் ஹால்டிஸ்.
இரண்டு வருடம்
முறிந்த எலும்போடு மீன் பிடித்திருக்கிறார்.

மற்றதை மருத்துவர் சொன்னார்:
வருடத்துக்கொரு ஊசி, நரம்பு வழியே.
சூரியன் தராத வைட்டமினுக்கு மீன் எண்ணெய்.
படியேறுங்கள், எடை தூக்கிப் பழகுங்கள்,
குனிந்து மட்டும் எதையும் தூக்காதீர்கள்.
கூடத்து விரிப்பைச் சுருட்டி வையுங்கள்.
அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள்.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"இழுக்கக் கூடாதென்றால் வலை எதற்கு?"
பதில் எங்கள் யாரிடமும் இல்லை.

மூன்று மணி, கும்மிருட்டு.
மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்.
வாகன நிறுத்தம் முழுக்கக் கண்ணாடிப் பனி.
காலணிக்கு மாட்டும் ஆணிப்பட்டை
ஒரு ஜோடிதான் கொண்டுவந்திருக்கிறார்கள், அவளுக்காக.
மாவுக்கட்டுக் கையோடு அவள் குனிந்து
ஒன்றைக் கழற்றி அவர் காலில் மாட்டுகிறாள்.
இப்போது ஆளுக்கொரு கால் பிடிமானம்.
யார் யாரைப் பிடிப்பதென்று தகராறு.

வரவேற்பில் விற்கிறோம், நூற்றைம்பது குரோனர்.
ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
வாசலில் பனி தொடங்கும் இடத்தில்
மரச்செருப்போடு நின்றுவிட்டேன்.

வயது நாற்பத்தொன்பது.
என் அம்மாவுக்கும் இடுப்புதான்.
தினம் பன்னிரண்டு பேரைப் படுக்க வைக்கிற
அந்தப் படுக்கையில்
நான் இதுவரை படுத்ததில்லை.

"ஓட்மண்ட், அங்கேயே நில்லுங்கள்" என்று கத்தினேன்.
நின்றார்.
நானும் நின்றேன்.