ஏழாம் கேள்வி

உள்ளே போகமுன் ஒரு படிவம்.
பெயர், வயது, நிறை.
முந்திச் செய்த சத்திரசிகிச்சை.
ஏழாவதாக,
உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?

கேட்கிறவள் நான்.
யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்தில்
ஏசி ஓயாத ஒரு மேசை.
சுவருக்கு அந்தப் பக்கம் காந்தம் படுத்திருக்கிறது.
இரவிலும் அதை அணைப்பதில்லை.
சண்டை முடிந்த தேதி அதற்குத் தெரியாது.
இரும்பு தெரியும்.

படிவம் எங்கேயோ வெளிநாட்டில் யோசித்து எழுதியது.
இதயத்தில் வைத்த கருவியைக் கேட்கிறது,
எலும்பில் பூட்டிய ஆணியை,
பல்லில் கட்டிய கம்பியைக் கேட்கிறது.
எல்லாம் ஒரு டொக்டர்
கைகழுவிவிட்டு வைத்த இரும்புகள்.

பாசையூர் மரியநாயகம் மூன்று தரம் இல்லை என்றார்.
பெல்ட்டைக் கழற்றினார். செபமாலையைக் கழற்றி
மனிசியிடம் கொடுத்தார்.
கதவடி வரை போய்த் திரும்பினார்:
"தங்கச்சி, ஷெல் பீசும் இரும்புக் கணக்கோ?"

எங்கே என்று கேட்டேன்.
வலையில் பொத்தல் காட்டுகிறவர்போல்
சேட்டுக்கு மேலாலேயே தொட்டுத் தொட்டுச் சொன்னார்.
தோளில் ஒன்று. விலாவுக்குக் கீழே இரண்டு,
அதில் ஒன்று இடம் மாறுகிறது.
முள்ளந்தண்டோடு கிடப்பதை
மாத்தளனில் ஒரு இளம் டொக்டர் பார்த்து
"இப்ப தொட ஏலாது, பிறகு பாப்பம்" என்றாராம்.
அந்தப் பிறகுக்கு இப்போது பதினைந்து வயது.
கால் விறைக்கிறது. அதற்குத்தான் இந்தப் படம்.
அது கிடப்பதால்தான் இந்தப் படம் எடுக்க முடியாது.
கிளினிக் கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதினேன்.

அடுத்தது அருந்தவச்செல்வி. நாற்பத்திரண்டு.
தலையிடி, ஒன்பது வருடம்.
ஏழாம் கேள்விக்குச் சுத்தமான இல்லை.
தோடும் கொடியும் மகனின் உள்ளங்கையில்.
"சத்தம் கேக்கும், அசையக் கூடாது.
ஏலாதெண்டால் இந்தப் பந்தை அமத்துங்கோ, வருவம்."

இயந்திரம் தட்டத் தொடங்கியது.
ஆறாம் நிமிடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன்,
முழங்கால்கள் மடங்கிக் குழாயின் கூரையில் முட்டுகின்றன.
வாய் பிளந்திருக்கிறது. அலறல் இல்லை.
செவிப்பறை வெடிக்காமலிருக்க
ஷெல்லுக்கு வாயைத் திறந்து வைக்க வேணும்.
எங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது.
பந்து கையில் அப்படியே கிடந்தது.
அமத்தினால் ஆர் வருவினம் என்பது
அவளுக்கு முன்பே தெரியும்.

திரையில் மூளை இல்லை, கலங்கின குளம் மாதிரி ஒன்று.
காரணம் எழுதும் கட்டத்தில் எழுதினேன்:
நோயாளி அசைந்தார்.

"படம் பழுதாப் போச்சோ பிள்ளை, குறை நினையாதேங்கோ."
தோட்டைப் பூட்ட அவளுக்குக் கை வரவில்லை.
மகன்தான் பூட்டிவிட்டான்.
சண்டைக்குப் பிறகு பிறந்த பொடியன், மீசை அரும்புகிறது.
தேருக்கு வெடி கொளுத்தினால்
அவனும் வாயைத் திறப்பானாம்.
"சும்மா ஒரு பழக்கம் அக்கா."

செவ்வாய்க்கிழமை மரியநாயகம் திரும்ப வந்தார்,
நம்பர் எடுக்காமல், வரிசைக்கு வெளியே.
களவாக ஏதோ விலைபேச வந்தவர்போல்
குரலைத் தாழ்த்தினார்.
"அவ்வளவு பெரிய காந்தம் எண்டால்
இழுத்து வெளியில எடுத்திடாதோ?
வெட்டுக்கொத்து இல்லாமல்?"

"எடுக்கும் ஐயா.
வழியில இருக்கிறதையும் கிழிச்சுக்கொண்டு வரும்."

கதவில் ஒட்டியிருந்த படத்தை,
குறுக்கே கோடு போட்ட அந்தக் காந்தத்தை
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
"அப்ப கிடக்கட்டும்" என்றார்.
விலாவை மெல்லத் தட்டினார்,
உறுமுகிற நாயை அமர்த்துகிறவர் மாதிரி.