மிளகளவு

என் வலது கால் தனியாக ஒரு பஞ்சாங்கம் வைத்திருந்தது.
விலக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால்
பிட்டத்தில் ஏறும், சீட்டெடுக்காமல்.
தொடையின் பின்புறமாக இறங்கி
குதிகாலில் வந்து உட்காரும்.
நான்கு நாள். பிறகு காணாமல் போகும்.

திரியெஸ்தேயில் பேருந்து ஓட்டுகிறேன்,
துறைமுகத்திலிருந்து ஸ்கோர்கோலா மேட்டுக்கு.
பிரேக் வலது காலின் பொறுப்பு.
அந்த நாட்களில்
மிதி பாதத்துக்கு அடியில்தான் இருக்கிறதா என்று
குனிந்து பார்த்துக்கொள்வேன்,
பின்னால் அறுபது பேர் கம்பியைப் பிடித்தபடி நிற்க.

முதல் மருத்துவர் முதுகைப் படமெடுத்து
வட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்றார்.
யாருக்குத்தான் பிதுங்கவில்லை.
இரண்டாமவர் இருக்கையை மாற்றச் சொன்னார்.
மூன்றாமவர், மனசு என்றார்.
ஏழு வருடம்.
பிசியோதெரபி தரும் எல்வினோதான்
என் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தியபடி
சும்மா கேட்பதுபோல் கேட்டான்:
"எந்தெந்தத் தேதிகளில் வரும், நீவெஸ்?"

அறுவை மருத்துவர் ஒந்தீனா ஃபுர்லான்
மருந்துச் சீட்டின் பின்புறத்தில் வரைந்து காட்டினார்.
எண்டோமெட்ரியோசிஸ்.
கருப்பையின் உள்தோலைப் போன்ற ஒன்று
வெளியே குடியேறி
மாதாமாதம் கசிந்து, இறுகி
காலுக்குப் போகும் நரம்பை வேரில் பிடித்திருக்கிறது.
அதை உரித்தெடுக்கலாம்.
பக்கத்தில் தலைமுடிபோலச் சில இழைகள்,
சிறுநீர்ப்பைக்குப் போகிறவை.
"மிளகளவு ஒன்று இவற்றுக்குள் சிக்கியிருக்கிறது.
எடுத்தால், நிரம்பியதே தெரியாமல் போகலாம்,
ஆயுள் முழுக்கக் குழாய்.
விட்டால், வலி திரும்பலாம்.
உள்ளே போனபின் உங்களைக் கேட்க முடியாது.
இப்போதே கேட்டுவிடுகிறேன்."

கடைசி நிறுத்தத்துக் கழிவறையின் சாவி
எந்தக் காபிக்கடையில் தொங்குகிறது என்று அறிந்தவள் நான்.
பத்தொன்பது வருடமாக அந்த அவசரத்தைத் திட்டியிருக்கிறேன்.
"மிளகு இருக்கட்டும்" என்றேன்.

ஐந்தரை மணி நேரமாம்.
போரா காற்று ஆளைத் தூக்கும் நாட்களில்
முன்பெல்லாம் எங்கள் தெருக்களில் கயிறு கட்டியிருப்பார்கள்.
மயக்கம் பாதி தெளிந்தபோது நினைத்தேன்:
எனக்குள் ஒருத்தி
ஒரு முடிச்சையும் அவிழ்க்காமல்
கயிற்றோரமாகவே நடந்து திரும்பியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள்.
நர்ஸ் மிலோய்கா வயிற்றில் கருவியை வைத்தாள்.
"முன்னூறு மில்லி. ஏதாவது தெரிகிறதா?"
இல்லை.
"நானூறு."
இல்லை.
மறுபடியும் குழாய்.
அவள் முகத்தை நான் பார்க்கவில்லை,
அவளும் காட்டவில்லை.

ஆறாம் நாள் மீண்டும் குழாயில்லாமல்.
மாலை, ஆறிப்போன சூப்பில் கரண்டி விட்டபோது
அடிவயிற்றில் யாரோ
இறங்க வேண்டும் என்று மணியை அழுத்தினார்கள்.
ஒரே ஒரு முறை. மெதுவாக.
சூப்பை அப்படியே வைத்துவிட்டு
சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
கதவைத் தாழிடவில்லை.
வெளியே மிலோய்கா எண்ணிக்கொண்டிருந்தாள்,
எதை எண்ணினாளோ.

பிப்ரவரியில் வேலைக்குத் திரும்பினேன்.
பாதத்தில் ஒரு நாணயமளவு இடம் இன்னும் மரத்திருக்கிறது,
காலுறையின் தையல் அங்கே தெரிவதில்லை.
நேற்று அந்தத் தேதி.
ஏதோ ஒன்று முழங்கால் வரை வந்தது,
அடுத்த நிறுத்தம் எது என்று கேட்பதுபோல் நின்றது.
நான் பதில் சொல்லவில்லை.
மேட்டு வளைவில் மிதியை அழுத்தினேன்,
குனியாமல்.

இருந்தது.