பொருளாளருக்குத் துணை

ஓல்ட்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால
ஒரு பியர்க்கடையின் நிலவறை.
மாதம் ஒருக்கா ஆரும் ஏறிக் கதை சொல்லலாம்.
ஏழு நிமிசம். மிஞ்சினால் மணி அடிப்பினம்.
என்ர ஜெர்மன் நொண்டி.
அது தெரிஞ்சுதான் ஏறினனான்.

சொன்னன்:
எங்கட வீட்டில ரெண்டு கடல்பன்றிக்குட்டி.
உங்கட பாஷைதான் அப்பிடிச் சொல்லுது.
கடலைக் கண்டதில்லை, பன்றியும் இல்லை,
முள்ளங்கி இலைக்கு உயிரை விடும்.
ஊரில அக்காவுக்குப் போனில சொன்னன்,
"பன்றி வளர்க்கிறம்" எண்டு.
கந்தசஷ்டி முடியுமட்டும் அவ போன் எடுக்கேல்லை.
(கந்தசஷ்டியை விளங்கப்படுத்தவே
ஒரு நிமிசம் போச்சு.)

பெயர் வைச்சது இவர், தவபாலன்.
இருபத்தாறு வருசம் சங்கம் நடத்தின மனுசன்.
சங்கம் ரெண்டாய் உடைஞ்சு, பிறகு நாலாய் உடைஞ்சு,
கடைசியில கூட்டம் எங்கட குசினிக்குள்ள வந்திட்டுது.
கொழுத்தது தலைவர்.
கணக்குக் காட்டாமல் கரட் தின்னுறது பொருளாளர்.

பிறகு பக்கவாதம்.
வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் அதோட.
மைக்கைப் பறிச்சால்தான் மேடையை விட்டு இறங்கிற ஆள்.
பயிற்சிக்கு வந்த பெட்டை படமட்டை காட்டுவாள்:
வீடு, மரம், கப்பல்.
இவர் கூட்டைப் பாத்துக்கொண்டிருப்பார்.
மிஞ்சினது ஒரு விசில்.
தண்ணிக்கு ஒண்டு. மற்றதுக்கு ரெண்டு.

குளிர்ப்பெட்டி திறந்தால் அதுகளும் விசில்.
ஆர் கூப்பிடுறது எண்டு தெரியாமல்
கரட்டோட இவரிட்டையும்
மூத்திரப் போத்தலோட கூட்டடிக்கும்
எத்தினை தரம் ஓடியிருப்பன்.

அதுக்குத்தான் அண்டைக்கு நல்லாச் சிரிச்சவை.
முன்வரிசையில ஒரு மனுசி
மூக்குக்கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சா.

மூண்டு வருசமும் நாலு மாசமும்.
செவ்வாயும் வெள்ளியும் தாதி வருவா.
மற்ற நாளெல்லாம் நான்.
ஒரு சாமம், மூண்டாந்தரம் எழும்பேக்க,
"ஒருக்கா வாயை மூடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டன்.
ரெண்டு நாள் விசில் இல்லை.

இதை நான் மேடையில சொல்லேல்லை.

மாசியில இவர் போனார்.
எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் நடுவில
தலைவரும் போனார்.
அவருக்கு ஐயரில்லை. ஒரு சப்பாத்துப் பெட்டி,
இவற்ற பழைய சால்வையில ஒரு கிழியல்.

மிருக வைத்தியர் சொன்னா:
இந்த நாட்டுச் சட்டப்படி
மற்றதை ஒத்தையாய் வைச்சிருக்கேலாது.
கூட்டமாய் வாழுற சீவன்.
தனிமை அதுக்குக் கொடுமை.
துணை வாடகைக்குக் கிடைக்கும்.

"திருப்பிச் சொல்லுங்கோ" எண்டன்.
திருப்பிச் சொன்னா, மெதுவாய்,
சொல்லுக்குச் சொல் நிப்பாட்டி,
எனக்கு ஜெர்மன் விளங்கேல்லை எண்டு நினைச்சு.

இந்த இடத்தில மணி அடிச்சிட்டினம்.

மிச்சக் கதை இதுதான்.
லாங்கென்டாலில இருந்து ஒரு மனுசி காரில கொண்டந்தா.
ஒப்பந்தம் ரெண்டு பக்கம். முற்பணம் அறுபது பிராங்.
பொருளாளர் செத்தால் வந்தவரைத் திருப்பிக் குடுக்க வேணும்.
கையெழுத்து வைச்சன்.
வந்தவருக்கு இடைக்காலத் தலைவர் எண்டு பெயர்.
ஒரு கிழமையாய் வைக்கோலுக்குள்ள ஒளிச்சிருந்தார்.
புதுத் தலைவருக்குப் பொருளாளர் இடம் விடேல்லை.
சங்கம் எண்டால் சங்கம்தான்.

நேற்றுச் சாமம் பால் எடுக்கக் குளிர்ப்பெட்டி திறந்தன்.
இருட்டில விசில். ஒண்டு.

"இந்தா வாறன், பொறுங்கோ"
எண்டது என்ர வாய்.
கரட்டுக்குப் போன கை
தண்ணிக் கோப்பையோட நிண்டுது.

என்ன செய்யிறது,
கூட்டுக்குள்ள வைச்சன்.
பொருளாளர் மணந்து பாத்தார்.
பிறகு கொஞ்சம் குடிச்சார்,
ஒரு மரியாதைக்கு.