வரி உட்பட

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
செருப்புக்கடையின் மேல்மாடி.
இரவு ஒன்பதரை.
ஏசியை நிப்பாட்டச் சொல்லிவிட்டு
இல்ஹாம் நானா போய்விட்டார்.

திரையில் ஆயிரத்து நூற்று நாற்பது பொருள்கள்.
ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு சின்னப் பெட்டி:
'விலையில் வரி உட்பட.'
சரி போட்டால் சொன்ன விலை.
போடாவிட்டால்
பதினெட்டு வீதம் வாசலில் நின்று
இன்னொரு தரம் கை நீட்டும்.

பதினேழு நாளாக நின்றிருக்கிறது.

ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாச் சோற்றுப்பெட்டி
அறுநூற்றுத் தொண்ணூற்றாறு ரூபா
இருபது சதத்துக்குப் போயிருக்கிறது.
இருபது சதக் காசைக்
கையில் பிடித்து எத்தனை வருசம்.

"சிஸ்டத்தில்தான் பிழை" என்றார் நானா.
ஓம் என்றேன்.
சிஸ்டம் நான்தான்.
மகளுக்குக் காய்ச்சல் என்று
மருதமுனைக்கு ஓட்டோ பிடிக்கிற அவசரத்தில்
பதினான்காம் நிரலை வெறுமையாய் விட்டு
விலைப்பட்டியலை ஏற்றியவள்.
வெறுமை என்றால் 'பிறகு சொல்கிறேன்' என்று
மனிசருக்கு அர்த்தம்.
கணினிக்கு 'இல்லை.'

ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றவும் முடியாது.
கொழும்பு மொத்தக்காரன்
வாளியை வரியோடு தந்திருக்கிறான்,
வாளி மூடியை வரியில்லாமல்.
பற்றுச்சீட்டுக் கட்டை அவிழ்த்து
ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறேன்.
தேடும் இடத்தில் 'வரி' என்று அடித்தேன்.
வந்தது:
நீலவரிச் சாரம், பச்சைவரிச் சாரம்,
இரட்டைவரித் துவாய்.
அறுபத்து மூன்று பொருள்கள்,
எல்லாம் வடிவாய்த்தான் இருந்தன.

ஒரு மணிக்கு முடிந்தது பிழை.
முடியாதது முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

"எங்கட காசுமில்ல, அரசாங்கத்துக் காசுமில்ல,
திருப்பிக் குடுத்திரு" என்றார் நானா, காலையில்.
வாங்குவது லேசு என்று நினைத்தாரோ என்னவோ.

களுவாஞ்சிக்குடி தவலெட்சுமியக்கா
நுளம்புவலை வாங்கியவர்,
இருநூற்றுப் பன்னிரண்டு ரூபா நாற்பது சதம்.
"கணக்கு நம்பரா? என்னகா புள்ள,
ரேடியோவில சொல்றாங்களே, நீங்கதானா அது?"
வைத்துவிட்டார்.

நாவிதன்வெளிக்காரர் ஒருவர் முழுதும் கேட்டார்,
பிறகு ஆறுதலாய்:
"அப்ப போன வருசம் வாங்கின விசிறிக்கும் வருமா?"
உகணையில் ஒரு மாத்தையா,
என் பத்துச் சிங்களச் சொல்லில்
எட்டைச் செலவழித்த பிறகு
சிரித்தார். சிரித்துக்கொண்டே வைத்தார்.
கோமாரியில் ஒரு பெண்பிள்ளை
"எங்களுக்கு ஆர் காசு திருப்பித் தந்திருக்காங்க"
என்று மட்டும் கேட்டாள்.
அதற்குப் பதில் என் தாளில் இல்லை.

எடுக்கும்போது
ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.
கொடுக்கப் போனால்தான்
அடையாள அட்டை கேட்கிறார்கள்.

மூன்றாம் நாள் வழி கிடைத்தது: ரீலோட்.
நம்பர் எங்களிடம் இருக்கிறது,
பேச வேண்டாம், நம்பவும் வேண்டாம்.
சதத்தை ரூபாவாக்கி
ஒவ்வொருவருக்காய் அனுப்பினேன்.
கொஞ்ச நேரத்தில் தவலெட்சுமியக்கா எடுத்தார்.
"புள்ள, காசு வந்திருக்கு" என்றார்.
குரலில் இன்னும் சந்தேகம் இருந்தது,
ஆனால் வைக்கவில்லை.
வலையில் ஒரு மூலை கிழிந்திருக்காம்,
அதையும் சொன்னார்.

இன்று கடைசிப் பக்கம்.
எல்லார் பெயருக்கு எதிரிலும் 'கொடுத்தாயிற்று,'
நூற்று எண்பத்தெட்டாம் வரியைத் தவிர:
சித்தி றுமைஸா, மருதமுனை.
பொருள்: சோற்றுப்பெட்டி, றோசா நிறம்.
பாக்கி: நூற்றாறு ரூபா இருபது சதம்.

காய்ச்சல் மாறிப் பள்ளிக்குப் போகிற நாளுக்கென்று
விலையைப் பாராமல் வாங்கியது.

"இது ஏன் நிலுவையில நிக்கிது?" என்றார் நானா,
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து.
பெயரை வாசித்தாரா என்று தெரியாது.

"அடிச்சுப் பார்த்தன் நானா,
ஆள் எடுக்கல்ல."