மணிக்குப் பதினான்கு

எட்டாம் இலக்க ட்ராம்
கிளாராபிளாட்ஸ் தாண்டிப் பாலத்தில் ஏறும்போது
மணி ஆறு இருபத்தொன்று.
ரைன் அன்றைக்குத் தண்ணீராக இல்லை.
உருக்கிய பித்தளை என்று எழுத நினைத்தேன்,
பிறகு "பாசல் காலை" என்று மட்டும் எழுதினேன்.

எழுதியது கடைசித் தரிப்பில்.
எடுத்தது பாலத்தில்.
ஒரு கை. ஒரு கணம்.
பின்னால் பதினொரு பேர்
அரைத்தூக்கத்தில் என்னை நம்பி இருந்தார்கள்.

மதியத்துக்குள் முந்நூற்று நாற்பது இதயங்கள்.
டொராண்டோவிலிருந்து மச்சாள் கேட்டாள்,
"இதுவோடி நீ வேலை செய்யிற இடம்?"
ஓமடி, இதுதான்.
பத்து வருஷம் ஹோட்டல் அடுப்படியில்
ஜன்னலில்லாமல் உருளைக்கிழங்கு உரித்தவளுக்கு
ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி கிடைத்தால்
யாருக்காவது காட்டத்தானே வேண்டும்.

பெயருக்குக் கீழே "ட்ராம் சாரதி, பாசல்" என்று
நான்தான் போட்டிருந்தேன், பெருமைக்கு.
என்னை யாரும் தேடிப் பிடிக்கவில்லை.
விலாசம் எழுதிக் கொடுத்தவளே நான்.

வியாழக்கிழமை அழைத்தார்கள்.
ஹெர் ஷ்டூடர் தண்ணீர் ஊற்றித் தந்தார்,
அதிலேயே விளங்கிவிட்டது.
மேசையில் என் படம்,
நிறத்தில் அச்சடித்து, கண்ணாடி உறையில்.
ஆற்றை அவர் பார்க்கவேயில்லை.
இடது மூலையில், நான் ஒருநாளும் கவனிக்காத இடத்தில்,
பென்சில் முனையை வைத்தார்.
வேகமானியின் முள்.
பதினான்கு.

"நின்றுகொண்டிருந்தது என்று சொல்லப்போகிறீர்களா,
ஃப்ராவ் தயாநிதி?"
சொல்லத்தான் இருந்தேன்.
வாக்கியம் நாக்குவரை வந்திருந்தது.
ஜெர்மனிலும் வினை கடைசியில்தான் வரும்,
தமிழைப் போல.
எனக்கும் அப்படித்தான் வந்தது.

"அழகான படம்" என்றார் பிறகு,
"என் மனைவியும் இதயம் போட்டிருந்தா.
எங்களுக்கு அனுப்பியது ஒரு பயணி."

எழுத்தில் எச்சரிக்கை. கோப்பில் இரண்டு வருஷம்.

அடுத்த நாள் ஏறுகிற முகங்களையெல்லாம் பார்த்தேன்.
தினம் காலை வணக்கம் சொல்கிற நாய்க்காரப் பெண்மணியா?
தலைக்கவசத்தைக் கழற்றாமல் இருக்கிற பையனா?
மூன்றாம் நாள் விட்டுவிட்டேன்.
பதினொருவரில் ஒருவர் விழித்திருந்தார், அவ்வளவுதான்.

படத்தை அழித்தேன். பழையதையும் தோண்டினேன்:
சம்பளத்தைத் திட்டி எழுதிய ஞாயிறு,
கலியாண வீட்டில் சீருடையோடு ஆடிய முப்பது விநாடி,
வெறியில் ஏறி விழுந்தவனைப் பற்றிய பகிடி.
அதில் அவன் முகம் இல்லை,
ஆனால் அவன் சப்பாத்து, அவன் பை,
அவன் இறங்கிய தரிப்பு.
இரவு இரண்டு மணிவரை
என்னை நானே விசாரித்தேன்.
ஷ்டூடரைவிட மோசம்,
தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

இப்போது போன் பெட்டகத்தில், சாவி கழுத்தில்.
பாலம் வரும்.
ரைன் சும்மா இருக்காது, வேண்டுமென்றே மினுங்கும்.
பார்க்கிறேன்,
இரண்டு கையும் பிடியில்.

போன கிழமை குடும்பக் குழுவில் ஒரு படம்.
சூரிச்சிலிருந்து சித்தப்பா அனுப்பியது,
"பலமுறை பகிரப்பட்டது" என்ற அடையாளத்தோடு.
பித்தளை ஆறு.
அதன் மேல் மஞ்சள் எழுத்தில் "இனிய காலை வணக்கம்".
இடது மூலையில்,
முள் இருந்த இடத்தில்,
யாரோ ஒரு ரோசாப்பூ ஒட்டியிருந்தார்கள்.

கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு எல்லாரையும் போல
ஒரு கும்பிடு போட்டேன்.