பயன்பாடு

மஹிபால்பூர் சரக்குக் கிடங்கு. இரவு பதினொன்றரை.
படிவத்தின் ஏழாம் கட்டம் கேட்கிறது: பயன்பாடு?
தஹியா சார் பேனா மூடியைக் கடித்தபடி காத்திருக்கிறார்.

நுரைப்பஞ்சைப் பிரிக்கிறேன்.
சாண் அகல அடுப்பு, பச்சைப் பூச்சு பாதி உதிர்ந்து.
பானை, மீன், கரண்டி
எல்லாம் அடுப்போடு ஒட்டிச் சுட்ட மண்.
மூடி திறக்காது.
இரண்டாயிரம் வருஷமாக அதே மீன்.

இறந்தவருக்குப் பசிக்கும் என்று நம்பிய சீனத்து வீட்டார்
எரியாத அடுப்பைத்தான் குழிக்குள் வைத்தார்கள்.
எரிகிற அடுப்பென்றால் குளிர்காய நாமும் போய்விடுவோம்.
அடுப்பே இல்லையென்றால்
அவர் நம் சமையலறைக்கு வந்துவிடுவார்.

அடுத்த பொட்டலம்: முறத்தோடு ஒரு பணிப்பெண்.
முறம் மடியில் பத்திரம்.
சட்டைக்கை முனையில் இரண்டு துளைகள்;
தனியாகச் செய்து செருகிய கைகள் எங்கோ விழுந்துவிட்டன.
யாருக்கோ புடைத்துக்கொண்டே இருக்க அனுப்பப்பட்டவள்
சிரிக்கிறாள் போலத்தான் இருக்கிறது.

மார்ச்சில், லோதி ரோடு மின்மயானத்தில்
குழல்வாய்மொழி அக்காவுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டேன்.
"கழற்றுங்க, வெடிக்கும்" என்றான் பணியாள்.
கழற்றினேன்.
மைனஸ் ஒன்பது. அது இல்லாமல்
கழிவறைக்குக்கூடச் சுவரைப் பிடித்துத்தான் போவாள்.
இன்னும் என் கைப்பையில்.

"அலங்காரம்னு போடட்டுமா, மேடம்?"
போடுங்கள்.
கைகள்: இல்லை என்று நான் எழுதுகிறேன்.
உடைந்ததா, திருட்டா, இரண்டுக்குத்தான் கட்டம் உண்டு.

மடங்காத காது, பார்க்க முடியாத வில்லை,
மண்ணில் ஒரு மூக்குக்கண்ணாடி
செய்துதர இந்த ஊரில் ஆள் உண்டா
என்று தஹியா சாரிடம் கேட்க வாயைத் திறந்து,
அடுத்த பெட்டி என்கிறேன்.