விலக்குப் பட்டியல்

பொத்தானை அழுத்திவிட்டுப்
பாலை அடுப்பில் வைப்பேன்.
முன்பெல்லாம் திரை முந்தும்.
ஆவணியிலிருந்து பால்தான் முதலில் பொங்குகிறது.

இருபதாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள்.
முதுநகர் ஐஸ் கம்பெனி, இரண்டு வலைக்கடை,
செம்மண்டலத்தில் ஒரு டைல்ஸ் கடை,
நாலு பேர் ஜிஎஸ்டி கணக்கும்
இந்தக் கறுப்புப் பெட்டிக்குள்.
நீல வளையமோ
பாடலீசுவரர் பிராகாரத்தில்
பெரிய வேண்டுதல் உள்ளவள் மாதிரி
சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"புதுசு வாங்கிடு" என்றார்
சிப்காட் நெடி சட்டையில் ஏறியிருக்க
ஷிஃப்ட் முடிந்து வந்தவர்.
அந்தச் சட்டைப் பையில் என்ன இருக்கிறதென்று
துவைக்கிற எனக்குத் தெரியாதா.

ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன்.
பெட்டி கண் விழித்ததும்
கூடவே எழுந்துகொள்பவர்கள் யார் யார்?
பதினேழு பேர்.
வானிலை சொல்ல ஒருவன்,
கடலோரத்தில் சன்னல் வைத்திருப்பவளுக்கு.
போன வருஷம் விற்ற பிரிண்டருக்காக
இன்னும் வாசலில் நிற்கும் ஒருவன்.
'உங்கள் கணினி ஆபத்தில்' என்று
நாளுக்கு நாலு தடவை கத்திக்
காசு கேட்கும் ஒருவன்.
அவன்தான் ஆபத்து.

கொழுந்தன் கமலக்கண்ணன் பென்டிரைவில்
பத்திரிகை அடிக்க எழுத்துரு கொண்டுவந்தாரே,
நூற்றிருபது, எல்லாம் இலவசம்,
அதோடு வந்தவன்.
'ழ'வுக்கு வால் இல்லாதபோதே
சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வெளியே போ என்றால்
நிச்சயமா என்றான்.
உண்மையாகவே நிச்சயமா என்றான்.
நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டு
சேஃப் மோடில் எழுப்பி
வேரோடு எடுக்க மதியமாகிவிட்டது.
சோறு வைக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஆறு மாதமாய் 'பிறகு நினைவூட்டு' என்று
தள்ளிவிட்ட அப்டேட்டுகள்
வட்டியோடு வந்து உட்கார்ந்தன.
மகள் பெயரும் பிறந்த வருஷமுமாய் இருந்த பாஸ்வேர்டு
ஐஸ் கம்பெனி வாட்ச்மேனுக்கே தெரியும்.
மாற்றினேன்.
புதியதைக் கவிதையில்கூடச் சொல்வதாக இல்லை.

ராத்திரி முழு ஸ்கேன்.
அறுபத்திரண்டு விழுக்காட்டில் கரண்ட் போனது.
யுபிஎஸ் ஏழு நிமிஷம் அழுது அடங்கியது.
மறுபடி ஒன்றிலிருந்து.
விடியும்போது நாற்பத்தொன்று என்றது.
எல்லாவற்றையும் அடைத்து வை என்றேன்.
கணக்குகளுக்கு ஒரு நகல் எடுத்து
தானே புயலன்று பத்திரத்தோடு தூக்கி ஓடிய
அதே தகரப் பெட்டியில் வைத்தேன்.

இரைச்சல் மட்டும் போகவில்லை.
மூடியைக் கழற்றினால்
விசிறியில் ஒட்டடை, துரு தின்ற திருகுகள்.
தேவனாம்பட்டினத்து உப்புக்காற்றைப் பிடிக்க
எந்த ஆன்டிவைரஸும் வரவில்லை இன்னும்.
பெயின்ட் பிரஷால் தட்டிக்கொண்டே வந்தேன்.
பவர் சப்ளையின் கதகதப்போரம்
பட்டாணி அளவில்
வெள்ளையாய் இரண்டு
பல்லி முட்டை.

தகட்டோடு ஒட்டியிருந்தன.
எடுத்தால் உடையும்.
பிரஷ் அங்கேயே நின்றது.

மென்பொருளில் விலக்குப் பட்டியல் என்று ஒன்று உண்டு.
இதைத் தொடாதே, எனக்குத் தெரிந்ததுதான் என்று
நாமே எழுதிக்கொடுப்பது.
என்னுடையது இத்தனை வருஷமாய் வெறுமை.

நாலு திருகில் இரண்டை மட்டும் முடுக்கினேன்.

பொத்தானை அழுத்தி, தீக்குச்சி கிழிப்பதற்குள்
திரை வந்துவிட்டது.
ஐஸ் கம்பெனி கணக்கில்
மூன்று ரசீது குறைகிறது,
காசிலிங்கத்துக்குப் போன் போட வேண்டும்.
பெட்டிக்குள் எங்கோ
டிக் என்றது.
பலன் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை.
ரிலேயாக இருக்கும்.